தலைக்கு இவ்வளவு

இந்த நாட்டில் தலையை எண்ணுவதற்கு இரண்டே சமயம்தான் உண்டு. பணம் வாங்கும்போது ஒரு தடவை, பிணம் எடுக்கும்போது ஒரு தடவை. இடைப்பட்ட நேரத்தில், அந்தத் தலைகள் உயிரோடு உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி கடலை வேடிக்கை பார்க்கிறபோது, அவற்றை எண்ண எந்தத் துறையிலும் ஆள் கிடையாது. பணியிடம் காலி.

வீரகேரளம்புதூர்க்காரர்களுக்குப் படகு என்றால் கன்னியாகுமரிதான். ஊரில் தண்ணீர் இல்லாமல் இல்லை. சிற்றாறும் அனுமன் நதியும் கூடுகிற இடம் வீ.கே.புதூர். ஆனால் இது இறங்கிக் குளிக்கிற ஆறு, துணி துவைக்கிற ஆறு, சாரல் பொய்த்தால் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற ஆறு. இதில் படகு விட்டால் பாதி வழியில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ஆகையால் முழுப்பரீட்சை லீவு, பொங்கல் லீவு, சென்னையிலிருந்து சொந்தக்காரர் வந்த லீவு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: விடியுமுன் வேன் பிடித்து ஆலங்குளம், திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இறங்கி, நாட்டின் கடைசி முனையில் பத்து நிமிஷப் படகுச் சவாரிக்காக மணிக்கணக்கில் நிற்பது. ஊத்துமலை ஜமீன் இங்கே கொலுவிருந்த காலத்தில், இருதயாலய மருதப்பர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது அண்ணாமலை ரெட்டியார் வழிநெடுகச் சிந்து பாடிக்கொண்டு நடந்தார் என்று சொல்வார்கள். நமக்கு நடையும் போயிற்று, சிந்தும் போயிற்று. ஸ்பீக்கர் மட்டும் இருக்கிறது.

தலைக் கணக்கின் அரிச்சுவடியை நாம் படிப்பது இந்த வேனில்தான். அதிகாலை நாலு மணிக்கு, எந்த ஊரிலும் நடக்கிற பேச்சு இது.

"அண்ணாச்சி, பதினெட்டு சீட்டுதான் இருக்கு. இருபத்தாறு பேர் நிக்கியளே?"

"சின்னப் பிள்ளைகளையும் சேத்தா வே எண்ணுதீரு? அதுக மடியில இருந்துக்கிடும்."

"மடி ஆறுதான் தேறும். பிள்ளை எட்டு இருக்கே."

"ஒரு மடியில ரெண்டு இருக்காதா? வண்டிய எடும் வே, வெயில் ஏறிரும்."

வண்டி கிளம்பிவிடும். பெயர் சேர்ப்பதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து ரேஷன் கார்டில் ஏற்றிய அதே பிள்ளை, வேனில் ஏறியதும் மனிதக் கணக்கிலிருந்து கழன்று மடிக் கணக்கில் சேர்ந்துவிடும். அரிசி வாங்கும்போது அதற்குத் தலை உண்டு. பிரேக் அடிக்கும்போது இல்லை. வழியில் வண்டியை நிறுத்துகிறவர்களும் எண்ணத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் எண்ணுவது வண்டிக்குள் இருக்கும் தலையை அல்ல, டிரைவர் நீட்டும் தாளில் சிரிக்கும் தலையை. நாம் அரசாங்கத்தைத் திட்டப் போகிறோம், நிறையவே திட்டப் போகிறோம். அதற்கு முன்னால் அந்த மடி நம்முடையது என்பதையும் சொல்லி வைத்துவிடுகிறேன்.

கன்னியாகுமரிப் படகுத்துறையில் மக்களை விவேகானந்தர் பாறைக்குக் கொண்டுபோய்விடுவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். தமிழக அரசுடையது. படகுகளுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர்: பொதிகை, குகன், விவேகானந்தா. எங்கள் மலை பெயரில் ஒரு படகு ஓடுவதில் தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமை வரிசையில் நிற்கத் தொடங்கிய அரை மணி நேரத்தில் ஆவியாகிவிடும்.

இரண்டு வரிசை. ஒன்று சாதாரணம், இன்னொன்று சிறப்பு. சிறப்பு வரிசைக்குச் சாதாரண வரிசையைப் போல நான்கு மடங்கு கட்டணம். ஒரே படகு, ஒரே பெஞ்சு, ஒரே பத்து நிமிஷம், ஒரே டீசல் வாடை. பணம் கூடக் கொடுத்தவனுக்குக் கடல் கூடுதல் நீலமாகத் தெரியப் போவதில்லை. பிறகு எதற்கு நான்கு மடங்கு? அவனுக்கு முன்னால் நிற்கிற வீ.கே.புதூர் ஆச்சியையும் அவள் பேத்தியையும் பின்னுக்குத் தள்ளுகிற உரிமைக்கு. ஏழையின் நேரத்தைப் பிடுங்கிப் பணக்காரனுக்கு விற்கிற வியாபாரம் இது. நடுவில் நின்று தரகு வாங்குவது அரசாங்கம். கோயிலில் சாமி முன்னால் சிறப்புத் தரிசனம் என்று தொடங்கியதைப் பழகிக்கொண்டோம். சாமிக்கு வேண்டியவர்கள் என்று நினைத்துவிட்டோம். கடலுக்கு வேண்டியவர்கள் யார்? குகன் ராமனைக் கங்கை கடத்திவிட்டபோது சிறப்புக் கட்டணம் கேட்டதாகக் கம்பர் எங்கும் சொல்லவில்லை. குகன் பெயரில் படகு விடுகிறவர்களுக்காவது இது உறைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு வரிசையும் யாரைப் பார்க்கப் போகின்றன என்று யோசித்தால்தான் வயிறு எரியும். பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று எழுதிவைத்த வள்ளுவரை. 2000 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்ட 133 அடிச் சிலை. அதில் 38 அடி பீடம், 95 அடி திருவுருவம். அறத்துப்பாலின் 38 அதிகாரத்தைப் பீடமாக்கி, அதன்மேல் பொருளையும் இன்பத்தையும் நிறுத்தினார் கணபதி ஸ்தபதி. அறத்தில் கால் ஊன்றாத பொருள் நிற்காது என்று கல்லிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார் பெரியவர். கரையில் டிக்கெட் கவுன்டரில் பொருட்பாலை மட்டும் தனியே உரித்தெடுத்து நான்கு மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

இப்போது கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. சிலைக்கு வெள்ளி விழா என்று 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், செலவு 37 கோடி. நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். காலுக்குக் கீழே கடல் கொதிப்பதைப் பார்த்தால் யாருக்கும் அடிவயிற்றில் பறக்கும். பாறைக்கும் பாறைக்கும் பாலம் போட்டாயிற்று. சபரிமலை சீசனில் கூரையைத் தாண்டி, கைப்பிடிக் கம்பியைத் தாண்டி, நடுரோடுவரை வந்து வெயிலில் வதங்குகிற வரிசைக்கும் படகுக்கும் நடுவே பாலம் போடுவதற்குத்தான் எந்த வெள்ளி விழாவும் வரவில்லை. கைப்பிள்ளைக்காரி, கால் வீங்கிய சர்க்கரை நோயாளி, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்த ஆறாம் வகுப்பு எல்லாரும் அங்கேதான். வெள்ளரிக்காய் விற்கிறவர் ஒருத்தர்தான் அந்த வரிசையின் நலத்துறை அமைச்சர்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கினாலோ கொந்தளித்தாலோ படகை நிறுத்திவிடுகிறார்கள். 'நீர்மட்டம் தாழ்வு, படகு சேவை ரத்து' என்று பேப்பரில் அடிக்கடி வரும். நூறு மைல் வந்தும் வள்ளுவரைக் கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். நான் அதைத் திட்ட மாட்டேன். சிபாரிசுக்கு மசியாத ஒரே அதிகாரி இந்த மாநிலத்தில் கடல்தான்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். எந்த ஊர்ப் படகுத்துறையானாலும் சரி, கடலானாலும் அணையானாலும் குளமானாலும் சரி, அதற்கு ஒரே முகம்தான். ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறமாக இருந்திருக்கும். கொக்கி மூன்றில் ஒன்று போயிருக்கும். இரண்டாவது இருக்கும், அதன் ஜோடி இருக்காது. ஆகையால் பெல்ட் வாரைப் பாவாடை நாடா மாதிரி முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் நுரை இரண்டாக ஒடிந்து ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். முந்தின சவாரிக்காரரின் வியர்வை காயாத ஈரம் கழுத்தில் படும். குவியலிலிருந்து எடுத்து எறிவார்கள், பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறடி ஆளுக்கும் அதே அளவு, ஆறு வயதுக்கும் அதே அளவு. பிள்ளை தண்ணீரில் முங்குவதற்கு முன்னால் ஜாக்கெட்டுக்குள் முங்கிவிடும். மடியில் இருக்கிற பிள்ளைக்கு அதுவும் கிடையாது, கணக்கில் வராத தலைக்குக் கவசம் எப்படி வரும்? பெண்கள் சேலை கசங்கும் என்று மேலே சும்மா போர்த்திக்கொள்வார்கள். வாலிபர்கள் போட்டோ எடுக்கிறவரை மாட்டியிருந்துவிட்டு, கழற்றி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். இத்தனையும் படகுக்காரர் பார்க்கத்தான் செய்கிறார். அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது 'ஜாக்கெட் கொடு' என்பது. 'கட்டு' என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எல்லாக் கொக்கியும் சரியாக மாட்டப்பட்ட ஜாக்கெட்டை நீங்கள் பார்த்ததே இல்லையா? பார்த்திருப்பீர்கள், படகுக் குழாம் திறப்பு விழாப் போட்டோவில். சீசனுக்குச் சீசன், ஊருக்கு ஊர் அந்தப் படம் வரும். ரிப்பன் வெட்டி, தேங்காய் உடைத்து, முதல் சவாரி போகும் பெரியவர்கள் அத்தனை பேர் மார்பிலும் புத்தம்புது ஜாக்கெட் கழுத்துவரை இறுக்கிக் கட்டியிருக்கும். இடுப்பளவு தண்ணீர், சுற்றிலும் நாலு நீச்சல்காரர்கள், கரையில் தீயணைப்பு வண்டி. மறுநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்த ஜாக்கெட்டுகள் எங்கே போகும் என்பது அடுத்த திறப்பு விழாவில்தான் தெரியவரும்.

இனிமேல் சிரிக்க முடியாது. கொஞ்சம் பிணக் கணக்கைப் பார்ப்போம்.

1924 ஜனவரியில் பல்லனையில் ரிடீமர் என்ற படகு கவிழ்ந்து மலையாளக் கவி குமாரன் ஆசான் செத்துப்போனார். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். விசாரித்தார்கள். 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன அரசுப் படகு வேம்பநாட்டு ஏரியில் மூழ்கி 29 பேர். வேலைக்குப் பரீட்சை எழுதப் புறப்பட்ட பிள்ளைகள் பலர். நீதிபதி நாராயண குருப்பு கமிஷன் விசாரித்தது, அறிக்கை தந்தது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. நமக்குக் கூப்பிடு தூரம். குமரிக்குப் போகாத வேன் அங்கேதான் போகும். ஜலகன்யகா என்கிற இரண்டு அடுக்குப் படகு, தண்ணீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கரையில் விலங்கு தெரிகிறது என்று எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய, படகும் சாய்ந்தது. 45 பேர். நம் தமிழ்நாட்டு ஆட்களும் அதில் உண்டு. நீதிபதி மொய்தீன் குஞ்சு கமிஷன் விசாரித்தது, அறிக்கை தந்தது. குற்ற வழக்கு பத்து வருஷம் தாண்டியும் முடியவில்லை.

தேக்கடியில் படகு மிதந்தது முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரில். அந்தத் தண்ணீரை எண்ணுவதில் இரண்டு மாநிலத்துக்கும் உள்ள அக்கறையை நினைத்துப் பாருங்கள். 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்று உச்ச நீதிமன்றம்வரை போய், அடி அடியாக, அங்குலம் அங்குலமாக எண்ணுகிறார்கள். தினமும் காலையில் நீர்மட்டம் பேப்பரில் வரும். அதே தண்ணீரின்மேல் ஒரு பலகைக்குள் எத்தனை உயிர் உட்கார்ந்திருக்கிறது, அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்கை மட்டும் படகு கவிழ்ந்த பிறகு கமிஷன் வந்துதான் போட வேண்டியிருந்தது.

நம் பக்கம் வாருங்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகப் போன உறவுக்காரக் கூட்டத்தின் படகு கவிழ்ந்து 22 பேர். லைஃப் ஜாக்கெட் என்ற பேச்சே அங்கே இல்லை. சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். தடை காகிதத்தில் பத்திரமாக இருந்தது, படகு ஏரியில் ஓடிக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு. கடற்கரை பார்க்க வந்த குடும்பங்களை மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; பெண்களும் பிள்ளைகளுமாகக் கரைக்குச் சடலமாக வந்தார்கள். அதே 2017ஆம் வருஷம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்புக்கென்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. எத்தனை பேர் ஏற்றலாம், ஜாக்கெட் யார் போட வேண்டும், எல்லாம் அழகாக இருக்கிறது. அச்சுப்பிழைகூட இல்லை.

ஆறு வருஷம் கழித்து மறுபடி கேரளம். 2023 மே 7, தானூர் தூவல் தீரம் கடற்கரை. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சுற்றுலாப் படகு ஆக்கியிருந்தார்கள். 22 பேருக்கான படகில் அதைவிட எத்தனையோ அதிகம். ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகு சவாரி. 22 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒரே குடும்பத்துக்குள் பதினொரு பேர். அந்தப் படகு எந்தக் கணக்கில் ஓடியது என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். மடிக் கணக்கில்தான் ஓடியது, வேறென்ன? மாநில அரசு தலைக்குப் பத்து லட்சம், பிரதமர் நிதியிலிருந்து இரண்டு லட்சம். நீதிபதி மோகனன் கமிஷன். 2024 டிசம்பர் 18, மும்பை. கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து எலிபெண்டாவுக்குப் போன நீல்கமல் படகின்மேல் கடற்படையின் வேகப்படகு ஒன்று வந்து மோதியது. மோதியது படகுக்காரரின் குற்றம் இல்லை. ஆனால் 84 பயணிகளுக்கு அனுமதி பெற்ற படகில் நூறுக்கு மேல் ஆள் இருந்தது, மோதிய கடற்படையின் குற்றமும் இல்லையே. 15 பேர். மாநில அரசு தலைக்கு ஐந்து லட்சம், பிரதமர் நிதி இரண்டு லட்சம். மறுநாளிலிருந்து கேட்வேயில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மறுநாளிலிருந்து! முந்தின நாள் ஜாக்கெட் எங்கே இருந்தது என்று கேட்கக் கூடாது. எல்லாம் படகிலேயேதான் இருந்திருக்கும், பத்திரமாகக் கட்டி வைத்தபடி.

1924க்கும் 2024க்கும் நடுவே நூறு வருஷம். நீராவிப் படகு போய் டீசல் வந்தது, மரம் போய் ஃபைபர் வந்தது, ராஜா போய் மந்திரி வந்தார். கூட ஆள் ஏற்றுகிற கை மட்டும் மாறவில்லை.

ஆகவே, திருத்த முடியாததைத் திருத்தச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், இருக்கிற ஏற்பாட்டை ஒழுங்குபடுத்த எனக்குத் தெரிந்த சில யோசனைகளை அரசின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நிவாரணத் தொகையை டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடலாம். கேரளத்தில் பத்து, மகாராஷ்டிரத்தில் ஐந்து என்று ஊருக்கு ஒரு விலை இருப்பது பயணிகளைக் குழப்புகிறது. எங்கே செத்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டமிடலாம். சிறப்பு வரிசையில் நான்கு மடங்கு கொடுத்து ஏறியவருக்கு நிவாரணமும் நான்கு மடங்கா, அல்லது தண்ணீருக்குள் போன பிறகாவது எல்லாரும் சமமா என்பதையும் அரசாணையில் தெளிவுபடுத்த வேண்டும். வள்ளுவர் அறிய ஆவலாக இருப்பார்.

விசாரணைக் கமிஷனை விபத்துக்குப் பிறகு அமைப்பதால் காலதாமதம் ஆகிறது. ஓய்வுபெற்ற நீதிபதியைப் படகுத் திறப்பு விழாவுக்கே அழைத்துவிட்டால், மந்திரி ரிப்பன் வெட்டும்போதே அவரும் அறிக்கையைத் தொடங்கிவிடலாம். என்ன எழுத வேண்டும் என்பதில் சிரமம் இருக்காது. கூட ஆள், ஜாக்கெட் இல்லை, உரிமம் இல்லை, எச்சரிக்கையை யாரும் மதிக்கவில்லை. தேதிக்கும் ஊர்ப்பெயருக்கும் மட்டும் இடம் விட்டு அச்சிட்டுக்கொள்ளலாம். இரங்கல் செய்திக்கும் இதே முறை. 'மிகுந்த வேதனை அளிக்கிறது' என்ற வரி எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக இருப்பதால் மொத்தமாக அச்சிட்டால் செலவு குறையும்.

சிட்னியில் வேலை பார்க்கிற உறவுக்காரப் பையன் லீவில் வந்தால் ஒரு கதை சொல்வான். அங்கே சர்க்குலர் கீயிலிருந்து மேன்லி கடற்கரைக்கு அரை மணி நேரப் படகு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே திரண்டு மேன்லிக்குத்தான் போகும். பெரிய படகு ஒன்று ஆயிரத்து நூறு பேரை ஏற்றும். 'ஆயிரத்து நூறு ஆனதும் கதவை அடைச்சிருவான் மாமா' என்பான். 'பொறவு?' என்று கேட்டார் அவன் மாமா. 'அடுத்த படகுதான்.' 'எம்.எல்.ஏ. சொன்னாலுமா?' அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மாமாவுக்கு அவன் பதில் புரியவில்லை. அந்த நாட்டிலும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் கதவு என்று ஒன்று இருக்கிறது, அது ஒரு எண்ணிக்கைக்கு அடைபடுகிறது.

எங்கள் ஊரிலும் கதவு இல்லாமல் இல்லை. குற்றாலத்தில் வண்டி நுழைந்தால் அதற்குக் கட்டணம், நிறுத்தினால் கட்டணம். சீசனில் எத்தனை கார், எத்தனை வேன், எத்தனை பஸ் என்று ரசீதுக் கட்டு சொல்லும். அருவிக்கரையில் எத்தனை தலை என்பதற்கு ரசீது கிடையாது. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. குளித்தவர்கள் அலறியடித்து ஓடியதை நாடே செல்போனில் பார்த்தது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். பிறகு வழக்கம்போல: தடை, ஆய்வுக் கூட்டம், அருவி யாருக்குச் சொந்தம், எந்தத் துறை பார்க்க வேண்டும் என்ற பேச்சு. ஒரு பிள்ளை போன பிறகு அருவிக்குப் பட்டா தேடுகிற நிர்வாகத்தை வேறெங்கே பார்ப்பீர்கள்? காசு உள்ளவர்கள் அதற்கெல்லாம் முன்னாலேயே உஷாராகிவிட்டார்கள். மலைத் தண்ணீரைத் திருப்பித் தங்கள் விடுதிக்குள்ளேயே செயற்கை அருவி விழவைத்தார்கள்; உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் தலையிட்டு மூடச் சொல்ல வேண்டி வந்தது. அருவிக்கே சிறப்பு வரிசை போட்டவர்கள் அவர்கள். கன்னியாகுமரிக்கு அந்த யோசனை இன்னும் எட்டவில்லை. எட்டினால் கடலையும் திருப்பிவிடுவார்கள்.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் இத்தனை பேர் என்று ஆள் உயரத்துக்கு எழுதி வையுங்கள். தலைவர்கள் பெயரை எழுதுகிற அளவுக்குப் பெரிதாக இருந்தால் போதும். ஏறும்போது எண்ணுங்கள், மடியில் இருப்பதையும் சேர்த்து. எண்ணிக்கை நிறைந்ததும் 'போதும்' என்று சொல்லக் கரையில் கயிறு பிடிக்கிற ஆளுக்கு அதிகாரம் கொடுங்கள், எழுத்தில், முத்திரையோடு. பழவேற்காட்டுக்கும் மணப்பாட்டுக்கும் தேக்கடிக்கும் தானூருக்கும் இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. இதற்கு 37 கோடி ஆகாது. ஒரு டப்பா பெயின்ட் ஆகும்.

ஆனால் அப்படி ஒருத்தன் நிஜமாகவே 'போதும்' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். தினக்கூலியோ ஒப்பந்தமோ, மாதம் முடிந்தால் சம்பளம் வருமா என்று தெரியாத ஆள். சங்கிலியை மாட்டிவிட்டு, "அடுத்த போட்டுல வாங்க சார்" என்கிறான். சங்கிலிக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர். ஒருவர் வெள்ளை வேட்டி. "எங்க வீட்டு ஆளுகள்லாம் உள்ள ஏறியாச்சு, நான் மட்டும் கரையில நிக்கவா? நான் யார்னு தெரியுமால உனக்கு?" போன் எடுக்கிறார். மறுமுனையில் யாரோ, "குடுங்க அவன்கிட்ட" என்கிறார்கள். வரிசையில் நிற்கிற நாம் என்ன செய்கிறோம்? அந்தப் பையன் சொன்னது சரி என்று ஒரு குரல் கொடுக்கிறோமா? "அஞ்சு பேருதானல, ஏத்திக்கிடேன், எங்களுக்கும் நேரமாகுதுல்லா" என்று அவனையே வைகிறோம். சங்கிலி அவிழ்கிறது. சாயந்திரம் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதை விசாரிக்க எந்தக் கமிஷனும் போட மாட்டார்கள்.